சித்தப்பா ஏலத்தில் எடுத்த எட்டு வாத்துகள்

சித்தப்பா மாட்டுத் தரகர். ஒரு காளையைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே அது என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிவிடுவார். அந்தத் திமிர்தான் எங்கள் வீட்டுக்கு எட்டு மரவாத்துகளைக் கொண்டுவந்து சேர்த்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சமயநல்லூரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். நாகமலைப் பக்கம் பழைய பங்களா ஒன்றில் சாமான்களை ஏலம் விடுகிறார்கள், அதில் தையல் மிஷின் ஒன்றும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு வருஷமாகச் சேர்த்த பணத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்பினாள் சித்தி. அங்கே மிஷினின் விலை கிடுகிடுவென்று ஏறிக் கையை மீறிவிட்டது. மனுஷர் வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம். தரகர் கை சும்மா இருக்குமா? அடுத்து வந்த சாக்குமூட்டைக்கு உயர்ந்துவிட்டது.

மூட்டையை அவிழ்த்தால் வாத்துகள். எல்லாம் மரத்தில் கையால் செதுக்கியவை. அந்தக் காலத்துத் துரை இவற்றைக் கண்மாயில் மிதக்கவிட்டுக் கரையில் ஒளிந்துகொள்வாராம். நம்ம சொந்தபந்தம்தான் என்று நம்பி நிஜ வாத்துகள் வந்து இறங்கும்போது சுடுவாராம். பங்களாக் காவல்காரர் சொன்ன இந்தக் கதையைச் சித்தப்பா மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

"அது சரி, வாத்து ஏமாந்துச்சு. நீங்க எப்பிடி ஏமாந்தீக?" என்றாள் சித்தி.

அதன் பிறகு அவள் பேசவில்லை. சோறு வரும், குழம்பு வரும், பேச்சு மட்டும் வராது. வாத்துகளை விற்று மிஷின் வாங்கினால்தான் இந்த வீட்டில் தனக்கு வாழ்வு என்பது சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வாத்துகளை வரிசையாக நிறுத்தி மதிப்புப் போட உட்கார்ந்தார். முதுகைத் தட்டினார். வாலைத் தடவினார். அடியில் பதித்திருந்த ஈயத்தைச் சுரண்டிப் பார்த்தார். கடைசியில், மாட்டுக்குப் பல்லைப் பார்த்து வயசு சொல்லும் பழக்கதோஷத்தில், ஒன்றின் அலகை விரித்துப் பார்க்கப் போனார், பாருங்கள்! அடுப்படியில் இருந்து சத்தம் வந்தது.

"ரெண்டு பல்லா, நாலு பல்லான்னு நல்லாப் பாத்துச் சொல்லச் சொல்லு."

பேச்சு என்னிடம்தான். ஆனாலும் சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கோரிப்பாளையத்தில் பங்களாச் சாமான்களை வாங்கி விற்கும் பாய் ஒருவர் இருந்தார். கொடைக்கானலில் இருக்கும் வெள்ளைக்காரர்களெல்லாம் அவருக்கு வாடிக்கை. சித்தப்பா போய்ச் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். சித்தப்பா வீடு திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"சந்தைக்குப் போற மாட்ட இம்புட்டு அழுக்கோடயா ஓட்டிட்டுப் போவாக?"

மாட்டுக்கு என்ன செய்வார்களோ அதையெல்லாம் வாத்துக்கும் செய்தோம். ஒவ்வொன்றாக எடுத்து உப்புத்தாள் போட்டுப் பழைய சாயத்தை வழித்தெடுத்தோம். கொம்புக்கு அடிக்க வைத்திருந்த பெயிண்டை என்னிடம் கொடுத்து, உன் இஷ்டம்போல அடி என்றார். என் வாழ்க்கையில் அதற்கு முன்பு யாரும் அப்படிச் சொன்னதில்லை. உடம்புக்கு நீலம், சிறகுக்கு மஞ்சள், அலகுக்குச் சிவப்பு. கழுத்தில் சலங்கை, நெற்றியில் குங்குமம். அப்படியொரு சந்தோஷம் எனக்கு! ஏழாவது வாத்தோடு பெயிண்ட் தீர்ந்துபோனது. எட்டாவது, உப்புத்தாளும் படாமல், சாயம் மங்கி, கழுத்தில் பச்சை பாதி தேய்ந்து, அப்படியே நின்றது. அதை மட்டும் கண்ணில் படாதபடி மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

பாய் வந்தார். வரிசையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா! யாருண்ணே இந்த வேலையப் பாத்தது?"

"நான்தான்!" என்று முன்னால் போய் நின்றேன். கையெல்லாம் நீலம்.

பாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு குனிந்து, பின்னால் நின்ற எட்டாவதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத ஏம்மா விட்டுட்ட?"

"பெயிண்ட் தீந்துபோச்சு மாமா," என்றேன் வெட்கத்தோடு.

"தீந்தது நல்லதாப் போச்சு தாயி," என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால்தான் பேசுவார்கள். சித்தப்பா துண்டை விரித்தார். பாயும் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. சித்தப்பாவின் கண்கள் விரிந்துகொண்டே போயின. கதவோரம் நின்ற சித்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேரம் முடிந்ததும் பாய் ஏழு வண்ண வாத்துகளையும் கடகடவென்று சாக்கில் போட்டார். எட்டாவதைத் தன் தோள்துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு குதிரைவண்டியில் ஏறினார்.

மறுவாரமே மிஷின் வந்துவிட்டது. கடையில் வாங்கிய புத்தம்புதுசு! சித்தி பேசினாள், நாள் முழுக்கப் பேசினாள். முதல் துணியாக எனக்கொரு பாவாடை தைத்தாள். "எல்லாம் எங்க பாப்பா அடிச்ச பெயிண்டு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சித்தப்பா சொல்வார். சித்தியும் சிரிக்காமல் தலையை ஆட்டுவாள். நானும் அந்தப் பாவாடையோடு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பாய் ரொம்ப நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பெயிண்ட் அடித்த ஏழுக்கும் இவ்வளவு விலை கொடுத்துவிட்டு, அந்த அழுக்கு வாத்தைக் கொசுறாக வாங்கிப்போன மனுஷரை நினைத்துப் பாவப்பட்டேன். அன்று பேசிய விலை முழுக்க அந்த ஒன்றுக்குத்தான், கொசுறாகப் போனவை என்னுடைய ஏழும் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.