ஊமைக்கப்பலைப் பார்க்கப் போனேன்

2006 ஒக்டோபர் 9, திங்கள். மாலை நான்கு மணிக்கு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து டோர்வால் விமான நிலையத்துக்குப் புறப்பட்டேன். இருபது கிலோமீட்டர்கூட வராது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் டாக்சிக்காரர் யோகன் கொண்டுபோய் விட்டார்.

“லண்டனுக்கோ?”

“லண்டனால எடின்பரோவுக்கு.”

“அங்க ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. ஒரு கப்பல் பார்க்கப் போறன்.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஐசே, உங்கட அண்ணையின்ர ஊமைக்கப்பலோ?” என்று சிரித்தார். பிறகு அண்ணன் செத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தி ரேடியோவைப் போட்டார்.

அந்தப் பட்டத்தை வைத்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1986 ஜனவரியில் அண்ணன் ஏமனின் ஏடனில் மெக்கானிக். அங்கே சண்டை தொடங்க, வெளிநாட்டுக்காரர் கடற்கரைக்கு ஓடினார்கள். தன்னை ஏற்றியது இங்கிலாந்து ராணியின் சொந்தக் கப்பல் என்றும், ராணியின் ஹோலில் கம்பளத்தில் படுத்தேன் என்றும் அண்ணன் சொல்லுவார். “அந்தக் கப்பலில ஒருத்தரும் கத்தி வேலை வாங்கேல்லையடா. எல்லாம் கையாலதான் காட்டுறாங்கள். சப்பாத்துச் சத்தம்கூட இல்லை.”

நான் நம்பவில்லை. குண்டு விழுகிற கரையில் கத்தாமல் ஆள் ஏற்றுகிற கப்பல் எங்கே இருக்கிறது? 1997இல் ஒரு பிள்ளையின் முதல் நன்மை விழா. மாதா கோவில் மண்டபம் நிறையச் சனம். அண்ணன் அந்தக் கதையைத் தொடங்கியதும் நான் மைக்கைப் பிடுங்கி, “ராணியின்ர ஊமைக்கப்பலில வந்தவர் கதைக்கப்போறார், எல்லாரும் கையைப் பாருங்கோ!” என்றேன். மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. ஒரே பிளாட்டில், ஒரே குசினியில், இன்னும் ஒன்பது வருடம் இருந்தோம். பட்டம் மட்டும் ஊர் முழுக்க ஓடியது. இந்த மார்ச்சில் அவர் போய்விட்டார். மே மாதம் தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போன இடத்தில் ஒரு பத்திரிகையின் பயணப் பக்கத்தில் கப்பல் படம் இருந்தது. கருநீல உடல், மஞ்சள் புகைபோக்கி, மூன்று பாய்மரக் கம்பம். அண்ணன் சொன்ன அதே கப்பல். அதைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களாம். அங்கேயே முடிவெடுத்தேன். அண்ணன் பொய்யரா, நான் அநியாயக்காரனா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஒக்டோபர் 11, புதன். எடின்பரோ நடுவிலிருந்து லீத் துறைமுகம் நாலு கிலோமீட்டர் வரும். 22ஆம் இலக்க பஸ், ஒரு பவுண்டு. மேல்தட்டில் நான் மட்டும் இருந்தேன். ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தும் பக்கத்து இருக்கை வெறுமைதான். மழை சாய்ந்து பெய்தது.

துறைமுகம் என்று போனால் கடைத்தொகுதி. சட்டைக் கடைகளைத் தாண்டி மேல்மாடிக்குப் போனால் கப்பலுக்குச் சீட்டு விற்கிறார்கள். ஒன்பது பவுண்டும் சில்லறையும். கப்பலின் பெயர் பிரிட்டானியா. கிளைட் ஆற்றங்கரையில் கட்டி 1953இல் நீரில் இறக்கினார்கள். நாற்பத்து நாலு வருட ஓட்டம். 1959இல் சென் லோறன்ஸ் கப்பல் பாதையைத் திறக்க ராணி இதிலேதான் எங்கள் மொன்றியலுக்கு வந்திருக்கிறார். 1997 கடைசியில் ஓய்வு கொடுத்து, அடுத்த வருடம் இங்கே கட்டிவைத்தார்கள். நான் மைக்கைப் பிடுங்கிய வருடமே இதற்கும் வாய் மூடியிருக்கிறது.

காதில் பிடித்தால் கப்பலின் கதையைச் சொல்லும் ஒரு கருவி தந்தார்கள். பிரெஞ்சில் வைத்துக் கேட்டேன். சென்ட் லோரன்ட் பக்டரியில் பதினெட்டு வருடம் நின்றவனுக்கு ஆங்கிலத்தைவிட அது சுகம். ராணியின் படுக்கை அறையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். தனிக் கட்டில், சாதாரண அறை. கடிகாரங்கள் எல்லாம் மூன்று மணி ஒரு நிமிடத்தில் நிற்கின்றன. ராணி கடைசியாக இறங்கிய நேரமாம். அண்ணன் இறங்கிய நேரத்துக்கு எவன் கடிகாரத்தை நிறுத்தினான்?

மாலுமிகள் இருந்த தட்டில் கருவி அதைச் சொன்னது. இந்தக் கப்பலில் சத்தம் போட்டு உத்தரவு கொடுப்பதில்லை, கைச் சைகைதான். மாலுமிகள் மெத்தென்ற சப்பாத்துப் போட்டே நடந்தார்கள். பொத்தானை அழுத்தித் திரும்பக் கேட்டேன். மூன்றாம் தடவையும் அதையேதான் சொன்னது.

ராணியின் ஹோலுக்குப் போனேன். பூப்போட்ட நாற்காலிகள், ஒரு பியானோ, கீழே கம்பளம். வாசலில் நின்ற பணிப்பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

“ஏடனில் ஏற்றிய ஆட்கள் எங்கே படுத்தார்கள்?”

“இங்கேதான். இந்தத் தரை முழுக்க ஆட்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என் அண்ணன் வந்தவர்.”

அவள் முகம் மலர்ந்தது. “அவரையும் கூட்டி வந்திருக்கலாமே!”

“செத்துவிட்டார்.”

“மன்னிக்க வேண்டும். உங்களிடம் நிறையச் சொல்லியிருப்பாரே?”

நான் அந்தக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த மூலையில் படுத்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாருக்குப் பக்கத்தில், போர்வை தந்தார்களா, பயந்தாரா, சாப்பிட்டாரா? ஒன்றும் தெரியாது. ஒன்பது வருடம் எதிரில் இருந்து சோறு தின்றவன் நான். இப்போது சம்பளத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணிடம் விசாரிக்கிறேன்.

“நான் கேட்கவில்லை,” என்றேன். அவளுக்கு விளங்கியதோ தெரியவில்லை.

கீழே மாலுமிகளின் கடை இருந்த இடத்தில் இனிப்பு விற்கிறார்கள். சனம் வரிசையில் நிற்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது. சனத்தின் மேல் இல்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு. பூசை முடிந்து, ஜோன் தலோன் தெருக் கோப்பிக் கடைக்குப் போனேன். வழக்கமான மேசை. யோகனும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். எல்லாரும் அன்று மண்டபத்தில் சிரித்தவர்கள்.

“போய்ப் பார்த்தனான். அண்ணை சொன்னது முழுக்க உண்மை. அங்க கத்துறேல்லை, கையாலதான் காட்டுறது. இப்பிடி.” கையைத் தூக்கிக் காட்டினேன்.

யோகன், “எல்லாரும் கையைப் பாருங்கோ!” என்றார்.

வெடித்துச் சிரித்தார்கள். “அண்ணை போக இப்ப தம்பி ஊமைக்கப்பல்,” என்றான் இன்னொருவன்.

கை மேலேயே நின்றது. என் வாயும் சிரித்தது. அண்ணனும் அன்று இப்படித்தான் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து குசினியில் அவருடைய கதிரையில் இருந்தேன். அவர் ஒரு நாளோடு நிறுத்திவிட்டார். நான் அடுத்த ஞாயிறும் அந்த மேசைக்குப் போய்ச் சொல்லுவேன். அதற்கடுத்த ஞாயிறும் சொல்லுவேன்.