கேசரியில் உட்கார்ந்த ஈக்கள்

அறுபதுகளின் நடுவில் நான் பழ ஈக்களை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கனிந்த பழத்தில் மொய்க்குமே, கடுகளவு ஈ, அதுதான். குற்றாலத்துச் சாரலில் நனைந்தே வாழும் ஈக்களுக்கும், வடகிழக்கே சங்கரன்கோவில் பக்கத்து வறண்ட தோட்டங்களின் ஈக்களுக்கும் குரோமோசோம் அமைப்பில் வித்தியாசம் உண்டா என்பது என் கேள்வி. சொந்த ஊர் தென்காசி என்பதால் இரண்டு இடத்துக்கும் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். சீசன் தொடங்கியதும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, தோட்டங்களில் வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்து ஈ பிடித்தேன். பால் புட்டிகளில் கேழ்வரகுக் கூழும் வெல்லமும் ஊற்றி, பஞ்சால் வாயை அடைத்து, பின்கட்டு அறையில் வளர்த்தேன்.

அப்பா வக்கீல். "வாரவங்க கண்ணுல படாம வச்சுக்கோ" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை இன்ஜினியர். அவர்கள் வருவதற்குச் சற்று முன் அம்மா புட்டிகளை வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறாள். ஒன்றின் பஞ்சு கழன்றது அவளுக்குத் தெரியவில்லை.

கேசரித் தட்டை நீட்டும்போதே நான் பார்த்துவிட்டேன். கேசரி மேல் இரண்டு மூன்று. பழச் சீப்பில் ஒரு கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா கையை வீசி விரட்டினாள்.

"என்ன மதினி, இத்தன ஈ? பின்னால மாட்டுத்தொழுவா?"

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. எந்நேரமும் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பவள். அவள் தலைகுனிந்ததைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாயைத் திறந்தேன்.

"வீடு சுத்தமாத்தான் இருக்கு. இது நான் வளக்குத ஈ."

"என்னது, ஈய வளக்கியா?"

"ஆமா, ஆராய்ச்சிக்கு."

மாப்பிள்ளை அடக்கமாட்டாமல் சிரித்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை. "ஈயில என்னத்த ஆராய்ச்சி?"

விளக்கினால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். "புழுவா இருக்கும்போதே அதோட எச்சில் சுரப்பிய எடுத்து..." என்று ஆரம்பித்ததும் அவள் கேசரித் தட்டைத் தரையில் வைத்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு அப்பா கேசரித் தட்டைத் தரையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "ஏட்டி, புழுன்னாவது சொல்லாம இருந்திருக்கலாம்லா" என்றார்.

விஷயம் தெருவுக்குள் பரவியது. குற்றாலம் பஸ்ஸில் இரண்டு பெண்கள், "இவதான் ஈ வளக்குதவ" என்று குசுகுசுத்தார்கள். மடியிலிருந்த பழப் பையை முந்தானையால் மூடிக்கொண்டேன். தோட்டத்தில் சாரல் இல்லாதபோதும் குடையைத் தாழ்த்திப் பிடித்தே உட்கார்ந்திருந்தேன்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய், எச்சில் சுரப்பியின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. சாரல் பக்கத்து ஈக்களில் குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பது அடிக்கடி தென்பட்டது. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு எழுதவில்லை.

தங்கைக்குத்தான் முதலில் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்பாவிடம், "மூத்தவ என்ன செய்யுதா?" என்று கேட்டார்.

"டீச்சரா இருக்கா" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "எந்தப் பள்ளிக்கூடம்மா?"

அப்போது நான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தேன். கடையநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். பொய் சொன்ன கூச்சத்தைவிட, அதைக் கேட்டு அப்பா முகத்தில் வந்த நிம்மதிதான் என்னைக் குறுகிப்போக வைத்தது.