மழை பெய்தால் வேலை இல்லை

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் மெர்லிமாவ் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பால்மரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத நாங்கள், தஞ்சோங் கிளிங் டவுனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கணவருக்கு வேலை அமையவில்லை. எனக்கு மட்டும் ஒரு தொழிற்சாலையில் கிடைத்தது. நிரந்தரமாகும்வரை சொல்லாமல் ஒரு நாள் நின்றாலும் வேலை போய்விடும் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தோம்.

சேர்ந்த கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. தோட்டத்தில் மழை என்றால் அன்று வீட்டில்தான். "இன்னைக்கு வேலை இல்ல" என்று கணவரும் திரும்பிப் படுத்துவிட்டார். நான் மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன். அந்தப் புது வீட்டில் அன்றுதான் முதல்முறையாக மனசு லேசாக இருந்தது.

கிழங்கை இறக்கும் நேரம், வாசலில் விடாமல் ஹார்ன் சத்தம். எட்டிப் பார்த்தால் தொழிற்சாலை பஸ். வழக்கமாக அது முச்சந்தியில்தான் நிற்கும். டிரைவர் அண்ணன் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏம்மா, வேலைக்கு வரல?"

"மழை பெய்யுதேண்ணே," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தொழிற்சாலைக்குள் மரமா இருக்கிறது? அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் சிரித்தார். "நானும் தோட்டத்து ஆளுதான்லா. டவுனுக்கு வந்த புதுசுல இப்படித்தான் மழைக்குப் படுத்துத் தூங்குனேன், கிடைச்ச லோரி வேலை போச்சு. உன்னைக் காணோம்னதும் புரிஞ்சிருச்சு. கிளம்பு, கிளம்பு. அந்தக் கிழங்கையும் எடுத்துக்க, வாசம் ஆளைத் தூக்குது."

அவசரமாக உடுத்திக்கொண்டு, சட்டியோடு பஸ்ஸில் ஏறினேன். வெட்கத்தில் நிமிரவே முடியவில்லை. ஆனால் சட்டி கைமாறிக் கைமாறிக் கடைசி சீட் வரை போனது. தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பால் கொண்டு வரவில்லையா என்று ஒரு மலாய்க்காரப் பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அந்த வேலை நிலைத்தது. தோட்டத்தோடு எல்லாமே போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்தவள் நான். இப்போதும் காலையில் மழைச் சத்தம் கேட்டால் அந்தப் பழைய சந்தோஷம் ஒரு நிமிடம் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். அதை விரட்டாமல், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பழகிவிட்டேன்.