நிச்சயம் உண்டா என்று கேட்டார்கள்

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. என் கணவருக்கு நுரையீரல் போய்விட்டது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் சின்ன வயதில் சேர்ந்து மேஸ்திரி வரைக்கும் வந்தவர். அத்தனை காலமும் மூச்சில் இழுத்த பஞ்சுத் தூசி சும்மா விடுமா? தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

ஊர் திரும்பிய மறுநாளே என் அண்ணன் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கிளார்க். எங்களைப் போலவே சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்று ஒரே கோயிலில் வளர்ந்தவர்தான். நடுவில் ஒரு ஜெபக்கூடத்தில் சேர்ந்து, மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, நாங்கள் யாருமே இன்னும் ரட்சிக்கப்படவில்லை என்று கண்டுபிடித்திருந்தார். கட்டில் ஓரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"மாப்ள, ஒங்களுக்கு ரட்சிப்பின் நிச்சயம் உண்டா?"

"நிச்சயமா? அது ஒங்க வீட்டுல வச்சுத்தான மச்சான் ஆச்சு. நீங்கதான முன்னால நின்னு நடத்துனீக."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. செத்தால் மோட்சம்தான் என்று உள்ளுக்குள் உறுதியாகத் தெரிய வேண்டும், அந்த உறுதிக்குப் பெயர்தான் நிச்சயம், அது இல்லாதவன் நியாயத்தீர்ப்பு நாளில் தப்ப முடியாது என்றார். என் கணவர் யோசித்துப் பார்த்தார். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

"தெரியல மச்சான்" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு எங்கள் வீட்டின் நிம்மதி போயிற்று. அதன் பிறகு அண்ணன் தினமும் கோர்ட் முடிந்ததும் பஸ் ஏறி வந்தார். "கோர்ட் மாதிரிதான் மாப்ள. நீங்க செஞ்ச நல்லதெல்லாம் அங்க எடுபடாது. ஒங்க தண்டனைய இன்னொருத்தர் சிலுவையில அனுபவிச்சு முடிச்சாச்சு. அத நம்புறேன்னு வாயத் தொறந்து சொன்னா விடுதலை."

காலையில் எங்கள் கோயில் போதகர் வருவார். அவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் நேர்மாறாகச் சொல்வார். "நல்லது செய்யாதவன் நம்புறேன்னு சொன்னா அது வெறும் வாய்ப்பேச்சு. நீங்க எம்புட்டுப் பேருக்கு ரத்தம் குடுத்திருக்கீக, எத்தன அனாதைப் பொணத்தத் தூக்கியிருக்கீக. ஆண்டவரு ஒங்கள மோட்சத்துக்குப் போறவுக நிக்கிற வலப்பக்கம்தான் நிப்பாட்டுவாரு." இருவர் கையிலும் இருந்தது ஒரே வேதப்புத்தகம்தான், புரட்டிய பக்கங்கள்தான் வேறு. இரண்டு பேருக்கும் நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஐயர் அப்படிப் புகழ்ந்துகொண்டிருந்த ஒரு நாள் என் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். மில்லில் ஒருவனுக்கு மெஷினில் சிக்கி விரல்கள் போன கதையைச் சொன்னார். எனக்கே அது புதிது.

"மெசினுக்கு மூடி கழண்டு கெடந்துச்சு ஐயா. விசாரணையில மூடி இருந்துச்சுன்னு சொன்னேன். அவன் மேலதான் தப்புன்னு ஆச்சு. வேலையும் போச்சு. தளவாய்புரம் பக்கம் போயிட்டான். நான் குடுத்த ரத்தம் அந்த வெரல ஒட்ட வச்சிருமா?"

ஐயர், ஆண்டவர் மன்னிப்பார் என்று மெல்லச் சொன்னார்.

அன்று சாயங்காலம் இதைக் கேட்ட அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதத்தான நானும் சொல்லுதேன், நம்ம கிரியை, செஞ்ச நன்மை ஒண்ணும் உதவாது."

"சரி மச்சான். குத்தம் செஞ்ச என்னய விடுதலை பண்ணிட்டு, வெரல் போனவன் மொகத்த ஜட்ஜு எப்படிப் பாப்பாரு?"

கோர்ட்டிலேயே பழுத்த அண்ணன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நாளைக்கு வாரேன்" என்று செருப்பை மாட்டினார்.

எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. செய்ததை நம்பிச் சாகவும் அவரால் முடியவில்லை, நம்பியதை நம்பிச் சாகவும் முடியவில்லை. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைத்துக்கொண்டு, "என்னய எந்தப் பக்கம் நிப்பாட்டுவாரு?" என்று என்னைக் கேட்பார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுவேன். என் விசுவாசத்தில் பாதியை அவருக்குக் கொடு என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். கடைசியில் என் கணவர் காலையே பிடித்தேன்.

"சொல்லித் தொலைங்களேன். நிச்சயம் இருக்குன்னு ஒரு வார்த்த."

"இல்லாதத இருக்குன்னு ஒருக்கா சொல்லித்தான்ட்டி இப்படிக் கெடக்கேன். ஆண்டவருகிட்டயுமா சொல்லச் சொல்லுத?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அவருக்குப் பேச்சு அடங்கிவிட்ட ஒரு மத்தியானம் அண்ணன் லீவு போட்டு வந்தார். ஜெபக்கூடத்து ஆட்கள் சிலர் பதிலுக்காக வாசலில் நின்றார்கள். அண்ணன் குனிந்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவர் காதருகே சொன்னார்: "மாப்ள, இப்பமாவது வாயத் தொறந்து சொல்லுங்க. ஆண்டவர நம்புதீகளா?"

அவர் அண்ணனைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். உதடு அசையவில்லை.

அண்ணன் நிமிர்ந்தார். முகம் வெளிறியிருந்தது. "சொல்லலையே பாப்பா" என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னேனாண்ணே? ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுல, உள் ரூம்புல வந்து சம்மதமான்னு கேட்டீகளே, நான் வாயத் தொறந்தேனா? அவிய மொகங்கூட எனக்குச் சரியாத் தெரியாது. பயத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு அழுதேன். நீங்கதான வெளிய போயி பாப்பாவுக்குச் சம்மதம்னு சொன்னீக. நிச்சயம் ஆயிருச்சுன்னு தட்டு மாத்துனீக. எனக்கு ஒரு நாயம், அவியளுக்கு ஒரு நாயமா?"

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என் கணவரின் குனிந்த தலையைப் பார்த்தார். பிறகு எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே இருந்து எனக்குக் கேட்டது.

"மாப்ளைக்குச் சம்மதம்."

மறுநாள் விடிந்தபோது என் கணவர் இல்லை. அண்ணன் சொன்னது மேலே எடுபட்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது. என் விஷயத்தில் எடுபட்டது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பதினாலு வருஷம் அவரோடு வாழ்ந்தேன்.