முருகேசன் பெயரில் நான் போட்ட கையெழுத்து

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் செய்த ஒரு கள்ள வேலையிலிருந்துதான் இந்தச் சாட்சியைத் தொடங்க வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மறைத்தால் தேவன் செய்த உதவியும் மறைந்துபோகும்.

2012ஆம் வருடம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, பென்னலூரில் அறை எடுத்துத் தங்கி, ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதலாளி, அவர் மனைவி, மைத்துனர், நான். அவ்வளவுதான் கம்பெனி. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் தரச் சான்றிதழ் வாங்குவதற்கான பதிவேடுகளைத் தயார் செய்து கொடுப்போம். சைரன் அடித்து ஆட்களை வெளியேற்றிப் பழக்கும் தீ ஒத்திகை நடக்காமலே, நடந்ததாக எழுதுவதும் அதில் சேர்த்தி. நாலு பேனா வைத்துக்கொண்டு நாற்பது பேர் கையெழுத்தையும் நானே போடுவேன். சந்தேகம் வராமலிருக்க இடது கைக்கும் கொஞ்சம் வேலை கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் அதே கைகளை உயர்த்தித் துதிப்பேன்.

ஒரு தொழிற்சாலையில் சான்றிதழுக்கான ஆடிட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. அப்படி எழுதிய பதிவேட்டை அங்கே லைன் சூப்பர்வைசராக இருந்த தேவராஜ் அண்ணனிடம் நீட்டினேன். அவர் விரல் ஒரு பெயரில் நின்றது.

“இன்னா மேடம் இது? முருகேசன் செத்து மூணு மாசம் ஆவுது. போன மாசம் சைரன் கேட்டு எங்கேர்ந்து ஓடியாந்தான்?”

பழைய ஆள் பட்டியலைப் பார்த்து, அவர் லைனில் வேலை பார்த்த முருகேசன் பெயரிலும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கிவிட்டது.

இனி எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

“அந்தப் பேர மட்டும் எடுத்துட்டு வேற ஷீட் எழுதும்மா. நீ நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி. முடியாதுன்னா நாளைலேர்ந்து வராத” என்றார்.

வேலை போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போவதைத் தவிர வழியில்லை. ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே ஜெபித்தேன். ‘அப்பா, வேலை போனாலும் போகட்டும். இந்தக் கை இனிப் பொய் எழுதக் கூடாது. ஒத்திகை நிஜமாகவே நடக்க உதவி செய்யும்.’

மறுநாள் காலை நேராகத் தொழிற்சாலைக்கே போனேன். மேனேஜரிடம் ஒத்திகைக்குப் பத்து நிமிடம் கேட்டேன். உற்பத்தி லைனை நிறுத்த முடியாது என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் மறுத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்போது தேவராஜ் அண்ணன் உள்ளே வந்தார்.

“டீ டைம்ல சைரன் அடிங்க சார். ஆளுங்கள நான் கூட்டியாறேன். செத்தவன் பேர்ல கையெழுத்து போட்றதுக்கு இது தேவலை.”

சைரன் அடித்தது. டீ கிளாசோடு ஓடினார்கள். பின்கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்தார்கள். எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். அவரவர் கையெழுத்தை அவரவரே போட்டார்கள்.

மறுநாள் வந்த ஆடிட்டர் அதைப் படித்துச் சிரித்தார். “இப்பதான் நிஜமா நடந்த ஒத்திகையப் பாக்கறேன்.” கதவைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, சான்றிதழுக்குச் சம்மதித்தார்.

முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. ஆடிட் முடிந்த மூன்றாம் நாள் காலை, ஊருக்குப் போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி போன் செய்தார்.

“எங்கம்மா கீற? ஆபீசுக்கு வா. இன்னொரு கம்பெனிலயும் நிஜமாவே சைரன் அடிக்கணுமாம். உன்னத்தான் அனுப்பணும்னு எங்க வூட்டுக்காரரு சொல்றாரு.”

அப்படியே முழங்காலில் விழுந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தேன். ஒரு கள்ளக் கையெழுத்துகூடப் போடவில்லை. அன்பானவர்களே, உங்கள் முன்னாலும் இப்படி ஒரு தாள் நீட்டப்படலாம். பயமாகத்தான் இருக்கும். ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்து போய்க் கேளுங்கள். நான் யாரைக் கலங்க வைத்தேனோ, அந்த மனிதரையே என் துணைக்கு அனுப்பினவர் அவர். உங்களையும் கைவிட மாட்டார்.