சல்லடை கழித்த பிரதிகள்

எங்கள் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. பெரிய மனிதர்கள் வீட்டிலிருந்து வரும் காகிதங்களைப் பிரித்து, வேண்டியதை வைத்து, வேண்டாததைக் கழிப்பது அவள் வேலை. கழிப்பதில் அவளுக்குத் தனி ருசி. ஒரே தாள் இரண்டு இருந்தால் சுத்தமானதை வைத்துக்கொண்டு மற்றதைச் சாக்கில் போட்டுவிடுவாள். வீட்டிலும் இதே கூத்துதான். "நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் சாக்குல போட்டுடுவா" என்று அவள் கணவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் பக்கத்து மேஜையில் ஸ்கேன் எடுக்கிறவள். அவளிடம் வாய் கொடுத்து ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

அந்த முறை வந்தவை பழைய பதிவாளருடைய காகிதங்கள். இந்தப் பல்கலைக்கழகத்தை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, பிறகு ஒரு கணினி கம்பெனிக்குத் தலைவராகப் போனவர். அவர் காலமானதும் மகன் படிப்பறையை அப்படியே அள்ளிக் கட்டி வேனில் அனுப்பிவிட்டான். பாதிப் பெட்டிகளில் மேடைப் பேச்சுகள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கத்தைப் பிரதிகள்.

"எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு இத்தனை?" என்று அலுத்துக்கொண்டாள் சல்லடை.

"ஒண்ணைத் தவிர மத்ததுல பென்சில் கோடெல்லாம் இருக்கேக்கா" என்றேன்.

"டைப் அடிச்சவங்க சரிபார்த்த கோடுடி அது. நீ உன் வேலையைப் பாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போ, எக்கேடோ கெட்டுப் போ என்று திரும்பிக்கொண்டேன். கோடு போட்டவையெல்லாம் சாக்குக்குப் போயின. சாக்கு காகித ஆலை அரைவைக்குப் போனது.

பதிவாளரின் மனைவி சில வாரம் கழித்து வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய பேச்சுகளைப் பார்க்க வேண்டும் என்றார். சல்லடை பெருமையாக ஃபைலைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இது இல்லம்மா. நான் கோடு போட்டது எங்க?"

"நீங்களா போட்டீங்க?"

"அவருக்குத் திக்கும். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. எங்க நிறுத்தணும், எங்க மூச்சு விடணும்னு நான் கோடு போட்டுக் குடுப்பேன். வீட்டுல படிச்சுப் பார்ப்பாரு. சிக்கின சொல்லை மாத்திட்டு வேற பிரதியில திரும்பவும் போடுவேன். பேசுறதை ரெக்கார்ட் பண்ண விட்டதே இல்ல. அந்தக் கோட்டைப் பார்த்தா எனக்கு அவரு குரல் கேக்கும். அதான் வந்தேன்."

சல்லடையின் முகம் செத்துவிட்டது. பூசி மெழுகுவாளோ என்று பார்த்தேன். இல்லை.

"அம்மா, அதையெல்லாம் நான்தான் வேண்டாம்னு கழிச்சுட்டேன். அரைச்சாச்சு. இனிமே கிடைக்காது. என்னை மன்னிச்சுடுங்க."

அந்த அம்மா நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போகவும் இல்லை, அழவும் இல்லை. பையின் வாரை நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சல்லடை விறுவிறுவென்று போய், பதிவாளர் கடைசியாகப் பேசிய பேச்சை நகல் எடுத்து வந்தாள். கூடவே ஒரு பென்சில்.

"ஞாபகம் இருக்கிற வரைக்கும் போடுங்கம்மா. நீங்க இப்பப் போட்டதுன்னு எழுதி அதையும் ஃபைல்ல வைக்கிறேன்."

அந்த அம்மா முதலில் தயங்கினார். பிறகு முணுமுணுவென்று படித்துக்கொண்டே கோடு போட ஆரம்பித்தார். 'மாணவர்கள்' என்பதை அடித்து 'பிள்ளைகள்' என்று எழுதினார். ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க தண்ணி குடிப்பாரு. தாகமே இருக்காது, சும்மா சமாளிக்கிறதுக்கு!" சல்லடை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசி வரிக்கு வந்தார். 'என் மனைவி இல்லாமல் நான் இந்த மேடைக்கு வந்திருக்க முடியாது' என்று அச்சில் இருந்தது. பென்சிலால் அந்த வரியை முழுசாக அடித்தார்.

"ஐயோ, இதை ஏம்மா அடிக்கிறீங்க?"

"எல்லாப் பேச்சுலயும் இதை எழுதிடுவாரு. எல்லாத்துலயும் அடிச்சுடுவேன். இந்த இடத்துல கண்டிப்பா திக்கி நின்னுடுவாரு."

"வேற சொல்லு போட்டிருக்கலாமே?"

"எந்தச் சொல்லைப் போட்டாலும் நின்னுடுவாரு."

சல்லடைக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே யாரும்மா பேசப் போறாங்க? இதுலயாவது இருக்கட்டுமே."

"வேண்டாம்மா. அத்தனை பேர் பார்த்துட்டு இருக்கும்போது அவரு வார்த்தை வராம நின்னா என்னால தாங்க முடியாது" என்று சொல்லி, அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு அழுத்திப் போட்டார்.