வடமூலையில் காஞ்சொறி

சிரில் ஹெப்வொர்த் தேவாலயத்துக்குள் கால் வைத்தது இரண்டே முறை. ஞானஸ்நானத்துக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை. ஆனால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த கல்லறைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் புல் வெட்டியவரும் அவர்தான். கூலி வாங்கியதில்லை, யாரும் கேட்டுக்கொண்டதும் இல்லை. வாரம் ஐந்து நாள் சாலைக்குத் தார் ஊற்றிவிட்டு, சனிக்கிழமை காலை வெட்டும் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். "சாமி கும்பிடாதவன் சாமி வாசலைப் பெருக்குறான், பக்தி முத்திப்போச்சு" என்று மதுக்கடை டெரிக் கேலி செய்வான். சிரில் சிரித்துக்கொள்வார். பேசினால் வார்த்தை தேய்ந்துவிடும் என்று நினைக்கிற வகை.

ஹாம்பிள்விக் சின்ன ஊர். நாற்பத்தாறு வீடு, ஒரு குளம், ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு தபால் நிலையம். இந்த ஊருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மாவட்டத்தின் சிறந்த கிராமம் என்று ஓக் மரத்தில் செதுக்கிய பலகையை ஒரு வருஷமாவது தன் புல்வெளியில் நட்டுப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் ஒருமுறை, ஜூலை மாதம் ஒருமுறை நடுவர் வருவார். எந்த நாள், எந்த வேளை, ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த இரண்டு மாதமும் ஊருக்குள் நுழைகிற எந்த அந்நியருக்கும் ராஜ மரியாதைதான். ஒரு வருஷம் சாக்கடைக் குழாயைப் பார்க்க வந்த ஆளுக்கு மூன்று வீட்டில் தேநீரும் கேக்கும் கொடுத்து, ரோஜாச் செடிகளின் பெயரெல்லாம் ஒப்பித்துக் காட்டினார்கள். அவனும் வாய் திறக்காமல் தின்றுவிட்டுப் போனான்.

போட்டிக் குழுவின் செயலாளர் எனிட், சிரிலின் மனைவி. ஊரே அவள் பேச்சுக்கு ஆடும். பேருந்து நிழற்குடையில் யார் சிகரெட் துண்டைப் போட்டது என்று துண்டின் நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். தொலைபேசிக் கூண்டின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைப்பாள். பிள்ளை குட்டி இல்லாதவள், ஊரையே குளிப்பாட்டித் தலைசீவிப் பார்க்கிறாள் என்று சிலர் சொல்வதுண்டு. அவள் காதுபட யாரும் சொன்னதில்லை.

1982 இலையுதிர் காலத்தில் மதிப்பெண் தாள் வந்தது. ஊர்க் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து எனிட்டே படித்தாள். குளம் நன்று. சாலையோரம் மிக நன்று. தேவாலய வளாகம் மிக நன்று, ஆனால் வடமூலையில் காஞ்சொறிப் புதர், அதற்காக இரண்டு மதிப்பெண் குறைக்கப்பட்டது. ஒரே மதிப்பெண் வித்தியாசத்தில் பலகை இரண்டு மைல் தள்ளியிருந்த ஆல்வர்பிக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை சந்தைக்குப் போகிற பேருந்து ஆல்வர்பி வழியாகத்தான் போகும். வாரா வாரம் அந்தப் பலகையைப் பார்த்தே தீரவேண்டும் என்றால் வயிறு எரியாதா?

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் சிரில் பக்கம் திரும்பியது.

"ஏம்ப்பா சிரில், அந்த மூலையில புதையல் கிதையல் காக்குறியா?" என்றான் டெரிக்.

"பட்டாம்பூச்சி முட்டை வைக்கிற இடம் அது," என்றார் சிரில்.

"பட்டாம்பூச்சியா மார்க் போடுது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனிட் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"மொத்தத் தோட்டத்தையும் கம்பளம் மாதிரி வெட்டுறே. அந்த ஒரு மூலை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? உனக்கு முதுகு வலின்னா சொல்லு, நான் வெட்டுறேன்."

"வேண்டாம். அதைத் தொடாதே."

"ஏன்?"

"அப்படியே இருக்கட்டுமே, எனிட்."

இதுதான் அவருடைய முழு வாதம். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சின்ன வாயால் காப்பாற்ற முடியும் என்று அந்த மனிதர் நம்பினார்.

விஷயம் 1952 பிப்ரவரியில் நடந்தது. எனிட்டுக்கு அப்போது இருபத்து நாலு வயது. இரண்டு நாள் வலி. மாடி அறையில் பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை. மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றி, தாய் கண்ணில் படாமல் கீழே கொண்டுபோய்விட்டாள். அந்தக் காலத்தில் அதுதான் முறை. டாக்டர் சிரிலைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், "இதைப் பத்தி அவகிட்ட பேச்சே எடுக்காதே. பார்த்தா மறக்கமாட்டா. பார்க்கலேன்னா மறந்துடுவா. அடுத்த வருஷம் இன்னொண்ணு பொறக்கும், எல்லாம் சரியாயிடும்" என்றார். கெட்ட மனிதரல்ல. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார்.

மறுநாள் விடியும்போது சிரில் தன்னுடைய பூட்ஸ் வந்த அட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உறைபனியில் நடந்தார். ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்குச் சடங்கு கிடையாது, பாதிரியார் வரவில்லை. கல்லறை வெட்டுகிற கிழவர் வடக்கு மதிலோரம் இரண்டடிக் குழி தோண்டி வைத்திருந்தார். "கல்லு, குச்சி எதுவும் நடாதேப்பா. இதுங்களுக்கு அடையாளம் வைக்கிற வழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு, மண்ணைத் தள்ளிச் சமன் செய்தார். சிரில் பணிக்கு நேரமாகிவிட்டது என்று அங்கிருந்தே போய்விட்டார். அன்று முழுக்கச் சாலையில் கல் உடைத்தார்.

மாலையில் எனிட் கேட்டாள். "எங்க கொண்டு போனாங்க?"

"ஆஸ்பத்திரியில பார்த்துக்குவாங்களாம்," என்றார்.

ஈஸ்டர் சமயத்தில் இன்னொரு தடவை கேட்டாள். அதே பதில். மூன்றாவது தடவை கேட்கவில்லை. டாக்டர் சொன்ன அடுத்த குழந்தையும் வரவில்லை.

அந்த வசந்தத்தில்தான் சிரில் பாதிரியாரிடம் போய், புல் வெட்டும் வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டார். வடக்கு மதிலோரம் காஞ்சொறி தானாக முளைத்தது. அவர் விட்டுவிட்டார். தொட்டாலே சுட்டுத் தடிக்கிற காஞ்சொறி நிற்கிற இடத்தில் யாரும் காலை வைக்கமாட்டார்கள் அல்லவா? சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் மதிலில் சாய்ந்து, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றபடி பத்து நிமிஷம் அங்கே இருப்பார். பிறகு வீட்டுக்குப் போவார்.

சொல்லியிருக்கலாம். முதல் வருஷம் டாக்டர் பேச்சு தடுத்தது. அடுத்த வருஷம் எனிட் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கியிருந்தாள், அதைக் கெடுப்பானேன் என்று விட்டார். அதற்கப்புறம் பொய்க்கே வயசாகிவிட்டது. பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். சிரிலுக்கு அது நிறையவே இருந்தது. இல்லாமல் போனது வாயைத் திறக்கிற துணிச்சல். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த மதிலோரம் தனியாக ரொட்டி தின்ற மனிதரை நினைத்தால் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

1983 ஜூலை. ஜூன் மாத நடுவர் வந்துபோனாரா இல்லையா என்று ஊர் இரண்டுபட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை, எந்திரத்தின் கத்தியைச் சாணை பிடிக்க சிரில் வேலைக்கு விடுப்பு போட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். எனிட் அந்த நாளுக்காகவே காத்திருந்தாள். கெட்டிக் கையுறை, அரிவாள், மண் கிளறும் முள்கரண்டி, இரண்டு தட்டு நிறையச் சிவப்பு ஜெரானியம் பூச்செடி. கணவனை மிஞ்சிச் செய்கிறோம் என்ற சந்தோஷம் வேறு.

பேருந்தைவிட்டு இறங்கிய சிரில் கல்லறைத் தோட்டத்து வாசலில் தள்ளுவண்டியைப் பார்த்தார். வண்டி நிறையக் காஞ்சொறி. அறுபது வயசு மனிதர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

எனிட் முகம் சிவந்து, வியர்த்து, மதிலோரம் இரண்டாவது வரிசை தோண்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? பாரு, ஒரு மணி நேர வேலை! இதுக்குப் போயி இத்தனை வருஷமா..."

அவர் முள்கரண்டியின் பிடியைப் பற்றிக்கொண்டார்.

"தோண்டாதே."

"விடு சிரில். என்ன ஆச்சு உனக்கு?"

"தோண்டாதே எனிட். அவ அங்கதான் இருக்கா."

யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரிலுக்கு ஒரு நொடி அவகாசம் கிடைத்திருக்கும். அவள் பிடியை விட்டாள். கிளறிய மண்ணைப் பார்த்தாள். அப்படியே முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, தோண்டிய மண்ணை வெறுங்கையால் திரும்பத் தள்ள ஆரம்பித்தாள். வேரோடு கிடந்த காஞ்சொறி அவள் மணிக்கட்டெல்லாம் சுட்டுத் தடித்தது. அவள் நிறுத்தவில்லை. கடைசிப் பிடி மண்ணையும் போட்டு மூடிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"பொண்ணா?"

"பொண்ணு."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. கறுப்பா. உங்க அம்மாவுக்கு மாதிரி."

"எனக்கு ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது," என்றாள் எனிட். "கேக்கவும் பயம். ரெண்டுக்கும் ஒவ்வொரு பேர் வெச்சிருந்தேன். ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி வளர்த்தேன் மனசுக்குள்ள."

அந்தச் சமயம் பார்த்துத்தானா வரவேண்டும்? வாசலில் பருத்த பெண்மணி ஒருத்தி, கையில் எழுதும் பலகையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தபால் நிலையத்து மிஸஸ் ப்ளென்கின் இரண்டு கையையும் ஆட்டி ஜாடை காட்டினாள். "எனிட்! எழுந்திரு! நடுவரு!" எனிட் திரும்பிப் பார்க்கவில்லை. குவிந்து கிடந்த களை, சாய்ந்து கிடந்த பூத்தட்டுகள், மண்ணில் உட்கார்ந்திருந்த கிழவி, எல்லாவற்றையும் நடுவர் பார்த்தாள், எழுதினாள், போய்விட்டாள்.

"டாக்டர் சொன்னாரு, எனிட். நீ மறந்துடுவேன்னு..."

"டாக்டர் செத்து பதினாறு வருஷம் ஆச்சு, சிரில்."

சிரில் முள்கரண்டியை மதிலில் சாய்த்து வைத்தார்.

"முப்பத்தோரு வருஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ அவளைப் பார்த்துட்டு வந்து என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிருக்கே. இந்த வருஷம் பனி ஜாஸ்தி, புல்லு ஜாஸ்தின்னு பேசியிருக்கே." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "இனிமே இங்க நீ வராதே. இவ்வளவு நாள் நீ வெச்சுக்கிட்டே. இப்ப என் முறை."

அந்த வருஷம் ஹாம்பிள்விக் நாலாவது இடம். விஷயம் தெரிந்த பிறகு மதிப்பெண் தாளைப் படிக்கக்கூட யாரும் கேட்கவில்லை. டெரிக் தன் கடை வாசல் பூக்கூடைகளை ஒன்றுவிடாமல் கழற்றி, வடமூலையில் கொண்டுபோய் வைத்தான். அவனுக்குத் தெரிந்த விதத்தில் செய்தான்.

புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிடவில்லை. அவள் சமைத்தாள், அவர் விறகு பிளந்தார். அவருக்கு மார்ச்சளி வந்தபோது இரண்டு வாரம் பக்கத்திலேயே இருந்தாள். ஆனால் சனிக்கிழமை அவள் தோட்டத்துக்குள் போவாள், அவர் வாசற்கதவுக்கு வெளியே நிற்பார். வேறு நாளில் புல் வெட்டும்போதும் நடுவில் நிற்கும் பெரிய மரத்தோடு திரும்பிவிடுவார். மிச்சத்தை எனிட் கைக்கத்தரியால் வெட்டிக்கொண்டாள். புதிய பாதிரியார் சின்னதாக ஒரு கல் வைக்க அனுமதித்தார். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று சிரிலுக்குத் தெரியாது.

ஒருநாள் டெரிக்கிடம் கேட்டார். "கல்லுல என்ன பேர் போட்டிருக்கா?"

டெரிக் சொன்னான், "ராஸ்மேரி."

"ராஸ்மேரி," என்றார் சிரில். "நல்ல பேரு." அவரும் ஒரு பெயர் வைத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கதவுக்கு வெளியே மூன்று குளிர்காலம் நின்றார். மழையானால் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்பார். உள்ளே வரட்டுமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மூன்றாவது குளிர்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூட்ஸ் நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

எங்கே புதைப்பது என்று பாதிரியார் கேட்டார். சிரிலின் அப்பா அம்மா தெற்குப் பக்கம் இருந்தார்கள், அங்கே இடமும் இருந்தது. "வடமூலையில," என்றாள் எனிட். "அவ பக்கத்துல."

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு டெரிக் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனான். வாசற்கதவைத் தாண்டும்போது, சிரில் நின்று நின்று புல் தேய்ந்து போயிருந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"கூப்பிடணும்னுதான் இருந்தேன், டெரிக்," என்றாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் நெனைப்பேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை."